கேமரா நன்றாகத்தான் இருக்கிறது

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம். உங்கள் நம்பிக்கையை வாங்கி நான் அடகு வைக்கப் போவதில்லை.

பேய்க் கதை சொல்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. பல வருடமாக செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது முகம் வெளிறி வந்து நிற்பார். "அக்கா, ஃபோட்டோவுல பாருங்க, வெள்ளையா ஒரு உருவம்" என்று ஃபோனை நீட்டுவார். நான் ஃபோனை வாங்கி, லென்ஸைத் துணியால் துடைத்து, மறுபடி ஒரு படம் எடுத்துக் காட்டுவேன். உருவம் இருக்காது. கன்னத்து எண்ணெயும் விரல் பிசுக்கும்தான் அவருடைய ஆவி. பேயை நம்புகிறவர்கள் எல்லாம் கேமரா கண்ணாடியைத் துடைக்காதவர்கள் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். என் தங்கச்சியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஒரு ஸ்டூல். எதிர் சுவரில் பழைய காலண்டர் ஒன்று தொங்கும். தேதி பார்க்க அல்ல. எந்தக் கேமராவைச் சரிசெய்தாலும் அந்தக் காலண்டரைத்தான் படம் எடுப்பேன். அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் விலாசம் இருக்கும். அது படத்தில் தெளிவாகப் படிக்க வந்தால் கேமரா சரி, வராவிட்டால் வேலை பாக்கி. இவ்வளவுதான் என் சாஸ்திரம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் வீட்டுத் தரகர் ஒருவர் வந்தார். எங்கள் வட்டாரத்தில் அவருக்கு 'ஒண்ணேகால்' என்று பெயர். எட்டடி அறையைப் பத்தடி என்பார். படம் எடுக்கும்போதும் மூலையில் ஒண்டி நின்று, அறை அகலமாகத் தெரிகிற லென்ஸில்தான் எடுப்பார். குளியலறையைக்கூட கல்யாண மண்டபம் மாதிரிக் காட்டுகிற ஆள். உடம்பு முழுக்க சென்ட் வாசனை. நாக்கு முழுக்கப் பொய்.

"கேமரா மங்குதுக்கா."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வாரமா. ரெண்டு கடையில காட்டிட்டேன். கேமராவையே புதுசா மாத்திக்கூடக் குடுத்தாங்க. அப்பவும் மங்குது."

லென்ஸைத் துடைத்தேன். உறையைக் கழற்றினேன். கேமரா செயலியின் குப்பையை அழித்து, ஃபோனை அணைத்துப் போட்டேன். காலண்டரைப் படம் எடுத்தேன். அச்சக விலாசம் பளிச்சென்று வந்தது. வாசலை, என் உள்ளங்கையை, வளாகத்தின் அந்தக் கோடியில் இருந்த தீயணைப்பு வாளியை எடுத்தேன். எல்லாமே கண்ணாடி மாதிரி வந்தது.

"கேமரா நல்லாத்தானே இருக்கு? உங்களுக்குத்தான் கை நடுங்குது."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் முகம் விழுந்துவிட்டது.

"இல்லக்கா. கேமராதான் போச்சு. நீங்க ஒரு வார்த்தை அப்படிச் சொல்லிட்டாப் போதும்."

ஃபோன் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று கெஞ்சுகிற வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய படங்களைத் திறந்து பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் தெளிவு. ஒரே ஒரு வீடு மட்டும் மங்கல். அந்த வீட்டில் மட்டும் நாற்பது படம் எடுத்திருக்கிறார், நாற்பதும் புகை.

"இது எந்த வீடு?"

"உங்க தங்கச்சிக்குப் பேசி முடிச்ச வீடுதான்."

இங்கே என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். இவள் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். இந்தத் தரகர் காட்டிய வீடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டின் சொந்தக்காரம்மா வெளிநாட்டில் இருக்கிறவர். எல்லா அறைகளையும் படம் எடுத்து அனுப்பினால்தான் சாவி தரச் சொல்வேன் என்று பிடிவாதமாக இருந்தார். அதாவது, இந்த மனிதர் ஒழுங்காக நாலு படம் எடுத்தால்தான் என் தங்கச்சிக்குக் கூரை.

"வேற ஃபோன்ல எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்தேன். அதுவும் மங்குச்சு."

"அப்புறம்?"

"அந்த ஃபோனையும் ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு ஃபோனும் ஒரே வீட்டில் மங்கினால், ஃபோன்களை ஊர் ஊராக ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு அலைகிற புத்திசாலியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? ஃபோனை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அவர் போன பிறகு அந்த நாற்பது படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் முதல் உறுத்தல்.

படங்கள் மங்கியிருக்கவில்லை.

சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கேமரா எதையாவது பார்த்து நிற்கும். அது எந்தத் தூரத்தில் நிற்கிறதோ அங்கே இருப்பது தெளிவாகும், முன்னாலும் பின்னாலும் இருப்பது மங்கும். அந்த வீட்டின் கூடத்தில் தரைக்குச் சின்னச் சின்னக் கட்டம் போட்ட டைல்ஸ். படத்தில் சுவர் புகை, ஜன்னல் புகை, தரையும் புகை. ஆனால் ஒரே ஒரு வரிசை டைல்ஸ் மட்டும், கோடு போட்டது போல, தெளிவாக இருந்தது. அதற்கு நேர் மேலே எதையோதான் கேமரா பார்த்திருக்கிறது.

அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கூடம்.

அடுத்த படம். அதே மூலையிலிருந்து எடுத்தது. தெளிவான வரிசை கொஞ்சம் இப்பால் வந்திருந்தது. அடுத்ததில் இன்னும் இப்பால். கடைசிப் படத்தில் தெளிவாக இருந்தது தரகரின் ஷூ நுனி மட்டும்தான்.

ஈ பறந்திருக்கும், கேமரா அதைப் பிடித்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஈ நேர்கோட்டில் நடந்து வருமா என்று நான் என்னைக் கேட்கவில்லை.

தங்கச்சி அன்று மட்டும் மூன்று முறை ஃபோன் செய்தாள்.

"அக்கா, சரி பண்ணிட்டியா?"

"பண்றேன். வேற வேலை இல்லையா உனக்கு? சும்மா உயிரை எடுக்காத."

"ஞாயித்துக்கிழமை நான் தெருவுலதான் நிக்கணும்."

"நில்லு. காத்தோட்டமா இருக்கும்."

நான் இப்படித்தான் பேசுவேன். அவளுக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, ஒண்ணேகாலை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போனேன். என் சொந்த ஃபோனில் நானே படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பிவிடலாம், வேலை முடிந்தது என்பது கணக்கு. சோதனைக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மாடி. வெளிச்சம் இன்னும் போகவில்லை. தரகர் கதவைத் திறந்துவிட்டு, படிக்கட்டிலேயே நின்றார்.

"நீங்க வரலையா?"

"கால் வலிக்குதுக்கா."

"கால்தானா, இல்ல முதுகெலும்பா?"

அவர் சிரிக்கவில்லை. சென்ட் வாசனையையும் மீறி வியர்வை நாற்றம் வந்தது. பெரிய மீசை வேறு. கண்ணாடி முன் நின்று தினமும் அதை முறுக்குவார் போலிருக்கிறது.

உள்ளே போனேன். விளக்கைப் போட்டேன், எரிந்தது. சுத்தமான வீடு. புதுச் சுண்ணாம்பு வாசனை. சமையலறைக் குழாயைத் திருகினேன், தண்ணீர் வந்தது. ஒட்டடைகூட இல்லை. இதைப் பார்த்தா அந்த ஆள் நடுங்குகிறார் என்று எரிச்சல்தான் வந்தது.

கூடத்துக் கோடிச் சுவரில் காலண்டர் தாளை ஒட்டினேன். வாசல் பக்கம் வந்து நின்றேன். ஃபோனை எடுத்தேன்.

மணி ஆறு பத்து.

கேமரா குறிபார்க்கும்போது அதற்குள் இருக்கிற குட்டி மோட்டார் அசையும். கடைச் சத்தத்தில் அது கேட்காது. அங்கே கேட்டது.

டிக்.

தாள் மங்கல். சுவர் மங்கல். கோடிச் சுவரை ஒட்டிய டைல்ஸ் வரிசை மட்டும் தெளிவு.

லென்ஸைத் துடைத்தேன். ஆமாம், நான்தான். துடைத்தேன்.

டிக்.

கூடத்தின் நடு வரிசை.

நான் நகரவில்லை. கை அசையவில்லை. திரையில் சுவரைத் தொட்டு, 'இதைப் பார்' என்று கேமராவுக்குச் சொன்னேன். சுவர் ஒரு நொடி தெளிந்தது. காலண்டரின் பொடி எழுத்துகூடத் தெரிந்தது.

டிக்.

சுவர் கரைந்தது. வரிசை இன்னும் இப்பால் வந்திருந்தது.

"அக்கா…" வெளியிலிருந்து தரகர். "போதும், வந்துருங்க."

"வாயை மூடுங்க. மோட்டார் ஸ்ப்ரிங் போயிருக்கு."

என் ஃபோனின் மோட்டார் அது. போன மாதம்தான் நானே மாற்றினேன். எனக்கு நன்றாகத் தெரியும்.

டிக்.

நான்கு கட்டம் தள்ளி.

டிக்.

இரண்டு.

டிக்.

இப்போது தரை முழுக்கப் புகை. அது தரைக்கு மேலே, ஃபோனுக்கு நேராக வந்துவிட்டது. இடது கையை நீட்டி விரல்களைப் பார்த்தேன். திரையில் என் விரல் ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது. கை நீளத் தூரத்தில் என் விரல்களைத் தவிர எதுவும் இல்லை. காற்றுதான் இருந்தது.

அந்தக் காற்று கொஞ்சம் சூடாக இருந்தது…

கையை மடக்கிக்கொண்டேன்.

டிக்.

டிக். டிக்.

நாலு விரல் இடைவெளிக்குள் வந்த எதையும் இந்தக் கேமராவால் பார்க்க முடியாது. திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம். மோட்டார் ஓய்ந்துவிட்டது.

அது கேமராவைத் தாண்டிவிட்டது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சும்மா நின்றேன்.

ஃபோன் அடித்தது.

தங்கச்சி. ஆறு பதினேழு. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். காதுக்குக் கொண்டுபோகவில்லை. முகத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தேன்.

திரை அணைந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேசும்போது காதில் வைத்தால் திரை தானாக அணையும். மேலே ஒரு குட்டிக் கண் இருக்கிறது. கன்னம் அருகில் வந்தால் அது திரையை அணைத்துவிடும்.

என் கன்னம் ஒரு முழம் தள்ளி இருந்தது.

ஃபோனுக்கும் எனக்கும் நடுவில்… யாருடைய கன்னம்?

ஃபோனுக்குள்ளிருந்து தங்கச்சியின் குரல் மெல்லிசாகக் கேட்டது.

"சரிக்கா."

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"ம்… சரிக்கா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி.

"என்னக்கா, இன்னைக்கு இவ்ளோ அன்பா பேசுற?" அவள் அழுதாள். "சரி. ஞாயித்துக்கிழமை எதுக்கு, நாளைக்கே வந்துடறேன். நீ அங்கேயே இரு."

"ஏய், நான் பேசல!" என்று கத்தினேன்.

"சரிக்கா," என்றாள் அவள். சிரித்துக்கொண்டே.

கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை.

"சரிக்கா… சரிக்கா…"

ஃபோனைச் சுவரில் எறிகிற ஜென்மங்களை எனக்குக் கண்டாலே ஆகாது. அன்றைக்கு எறிந்தேன்.

உடைந்தது. குரல் நின்றது.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். காலில் செருப்பு இல்லை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

தரகர் பின்னாலேயே இறங்கி வந்தார். பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டார்: "கேமராதானேக்கா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஆள் முட்டாள் இல்லை. எல்லாம் தெரியும். கேமரா கெட்டுவிட்டது என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் வீடு நல்ல வீடு ஆகிவிடும். அந்தப் பொய்யைச் சொல்ல ஆள் தேடித்தான் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். என் வாயால் சொன்னால், படம் ஏன் வரவில்லை என்று சொந்தக்காரம்மாவும் கேட்க மாட்டார், என் தங்கச்சியும் மறுபேச்சு பேச மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பயந்தவனை மன்னிக்கலாம். தன் பயத்தை அடுத்தவள் வீட்டில் குடிவைக்கப் பார்க்கிறவனை என்ன செய்வது? துப்பினேன். அவர் ஷூவில் பட்டது. துடைத்துக்கொண்டார்.

தங்கச்சியிடம் நேராகப் போனேன். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டாள்:

"கண்ணாடியைத் துடைச்சியா?"

என் வசனம். என் குரலிலேயே சொன்னாள்.

"விளையாடாத. நீ அங்க போகக் கூடாது."

"நீதானே கூப்பிட்ட. தனியா இருக்காத, வா, நான் பாத்துக்கறேன்னு சொன்ன. பொறந்ததுலேர்ந்து நீ என்கிட்ட அப்படிப் பேசினதில்ல. ஒருநாள் அன்பா பேசிட்டு, அது நான் இல்ல பேய்னு சொல்ற. ஏன்க்கா, அவ்ளோ வெக்கமா?"

அது பேசிய பேச்சை அவள் நம்பியதில் ஆச்சரியமில்லை. அவள் எவ்வளவு நாளாக அதற்குக் காத்திருந்தாள் என்பதைத்தான் நான் கவனித்ததே இல்லை.

"என் வீட்டுல வந்து இரு," என்றேன்.

"கட்டளை போடாத. ஃபோன்ல சொன்ன மாதிரி சொல்லு. வரேன்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம். வந்தாள். இன்றைக்கும் என் வீட்டில்தான் இருக்கிறாள். குளியலறை விளக்கை அணைப்பதே இல்லை, திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் கடைக்கு வந்தாள். ஒல்லியான பெண். ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது. "ஃபோனைக் குளிப்பாட்டுவாங்களா யாராவது? மூளையைக் கழட்டி வச்சுட்டுத்தான் வீட்டை விட்டு வருவீங்களா?" என்று கேட்டேன். கண் கலங்கி நின்றாள். போர்டு போய்விட்டது. உதிரிப் பாகம் வர ஒரு வாரமாகும் என்று சொல்லி அனுப்பினேன். ஃபோனைப் பிரித்து, பேட்டரியைத் தனியே எடுத்து, திரையைத் தனியே வைத்து, மேசை ஓரத்தில் ஒரு தட்டில் போட்டு வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில், சாயங்காலம், ஒண்ணேகால் வந்தார். துப்பினாலும் திரும்பி வருகிற ஜென்மம். முகம் பூரா சிரிப்பு. ஃபோனை நீட்டினார்.

"பாருங்கக்கா. சரியாயிடுச்சு."

அந்த வீட்டின் படங்கள். அன்று எடுத்தவை. கூடம், சமையலறை, ஜன்னல். எல்லாம் பளிச். கோடிச் சுவரில் என் காலண்டர் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. பொடி எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. வாசலுக்கும் சுவருக்கும் நடுவில் கேமராவைத் தடுக்க இப்போது எதுவும் இல்லை.

"ஆள் வந்தாச்சா?" என்றேன்.

"வந்து மூணு வாரமாச்சு. கேமரா ரிப்பேர், படம் அப்புறம் அனுப்பறேன்னு சொல்லித்தான் சொந்தக்காரம்மாவைச் சம்மதிக்க வெச்சேன். தங்கமான பொண்ணு. மருந்துக்கடையில வேலை. தனியாத்தான் இருக்கு. எந்நேரமும் ஃபோன்தான். இப்ப நான் படம் எடுக்கப் போனப்பக்கூடப் பேசிட்டுத்தான் இருந்துச்சு."

மேசை ஓரத்துத் தட்டைப் பார்த்தேன். அவளுடைய ஃபோன் நான் வைத்தபடியே துண்டு துண்டாகக் கிடந்தது.

"எந்த ஃபோன்ல பேசுச்சு?"

யோசித்தார். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"கை… காதுகிட்ட இருந்துச்சு. ஃபோனை நான் பாக்கல."

"யார்கூடப் பேசுதுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே. ரிப்பேர் கடை அக்காகூடன்னு சொல்லுச்சு." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்க ரொம்ப அன்பா பேசுறீங்களாம்க்கா."